சாபமும் சங்கீதமும்: அமானுஷ்யக் காதல் கதை எழுதத் தொடங்குபவர்களுக்கு

ஒரு பக்கம் இசையில் அபாரத் திறமை கொண்ட ஒருத்தி. இன்னொரு பக்கம் பல நூறு வருடமாகச் சாபத்தைச் சுமந்து திரியும் யட்சனோ, கந்தர்வனோ, ஆவியோ. இருவருக்கும் காதல். இந்த ஜோடியை வைத்து முதல் கதை எழுதப் போகிறீர்கள் என்றால், பாத்திரங்களுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே ஒரு சோதனை செய்து பாருங்கள். நாயகியின் கையிலிருந்து வயலினை வாங்கிவிட்டுத் தூரிகையைக் கொடுங்கள். கதை அப்படியே நகர்கிறதா? நகர்ந்தால் உங்கள் கதையில் இசை வெறும் நகை. கழற்றி வைத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

இந்த வகைக் கதையில் சாபமும் இசையும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ள வேண்டும். சாபம் இசையைக் குறிவைத்து அடிக்க வேண்டும். காதலுக்கு யார் என்ன விலை கொடுத்தாலும் அதை இசையில்தான் கொடுக்க வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதல் படி: சாபத்தை எழுதி முடியுங்கள்

நாயகியைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம். முதலில் சாபம். யார் கொடுத்தது, எந்தத் தப்புக்கு, உடம்பில் அது என்ன செய்கிறது, எப்போது தீரும் என்று நான்கும் தெரிந்தாக வேண்டும். "அவன் ஒரு சபிக்கப்பட்டவன்" என்று சொல்லிவிட்டு, கண்ணைச் சிவப்பாக்கி, மழையில் நிற்க வைத்தால் போதாது.

நல்ல சாபம் எப்படி இருக்கும் என்று பார்க்க மணிமேகலையில் வரும் காயசண்டிகையைப் படியுங்கள். அவள் ஒரு வித்தியாதரப் பெண். விருச்சிக முனிவர் 12 ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் ஒரு நாவல் கனியை உண்டு வாழ்பவர். அந்தக் கனியை அவள் காலால் சிதைத்துவிடுகிறாள். அடுத்த கனி பழுக்கும்வரை 12 ஆண்டும் யானைத்தீ என்னும் தீராப்பசி அவளுக்கு. வானில் பறக்கும் மந்திரமும் மறந்துபோகிறது. தப்பு என்னவோ தண்டனையும் அதே அளவு: அவருடைய 12 ஆண்டுப் பசிக்கு இவளுடைய 12 ஆண்டுப் பசி. எவ்வளவு தின்றாலும் அடங்காத வயிறு என்பதால் அந்தச் சாபம் ஒவ்வொரு நாளும் கண்முன் தெரிகிறது. எப்போது தீரும் என்பதிலும் குழப்பமில்லை. இந்த மூன்றும் உங்கள் சாபத்திலும் இருக்க வேண்டும்.

விளக்குவதற்கு வசதியாக ஒரு கதையை இங்கேயே கட்டிக்கொண்டு போகிறேன். ஒரு யட்சன். இரவில் பாடிக்கொண்டிருந்த ஒரு கிழவியின் குரல் தன் தூக்கத்தைக் கெடுத்தது என்ற கோபத்தில் அவள் தொண்டையை அடைத்துவிடுகிறான். பாட்டு பாதியில் நிற்கிறது. அவள் மண்ணில் விரலால் எழுதுகிறாள்: இனி எந்தப் பாட்டின் முடிவும் உன் காதில் விழாது. அன்றிலிருந்து ஒரு பாட்டு முடியப்போகிறது என்றால் அவன் பாதத்தில் குளிர் ஏறும், காது அடைக்கும், கடைசிச் சுரம் வருமுன் கல்லாகிவிடுவான். மறுநாள் அந்திவரை கல். சாபம் தீர ஒரே வழி, தான் நிறுத்திய அந்தப் பாட்டை யாராவது முடித்துவைப்பது. ஆனால் அவனுக்குத் தெரிந்தது முதல் பாதி மட்டும். மறுபாதி கிழவியோடு போய்விட்டது.

இப்போது இந்தக் கதைக்கு ஓவியர் உதவமாட்டார். இசை தெரிந்தவர்தான் வேண்டும்.

இசைக்கலைஞரை உடம்போடு எழுதுங்கள்

"பிறவி மேதை" என்று எழுதினால் வாசகருக்கு ஒன்றும் கிடைக்காது. மேதைமைக்கு ஒரு குறிப்பிட்ட உருவம் கொடுங்கள். சிலருக்கு ஒரு சத்தத்தைக் கேட்டதும், பக்கத்தில் சுருதிப் பெட்டியோ வேறு வாத்தியமோ இல்லாமலேயே, அது என்ன சுரம் என்று சொல்ல வரும். சிலருக்கு ஒருமுறை கேட்டது மறக்காது. சிலருக்குத் தாளத்தில் ஊசிமுனைத் துல்லியம். இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனால் வரும் தொல்லையையும் கூடவே கொடுங்கள். சுரம் பிசகாமல் கேட்கும் காதுக்குச் சுருதி கொஞ்சம் இறங்கிய பியானோ பக்கத்தில் இருந்தால் தலைவலி. எதையும் மறக்காத நினைவுக்கு, தான் பத்து வயதில் மேடையில் பிசகிய சுரமும் மறக்காது.

நம் நாயகியின் பெயர் தாரிணி என்று வைத்துக்கொள்வோம். வயலின். கேட்ட இசை எதுவும் அவளுக்கு மறக்காது. இதைப் பின்னால் பயன்படுத்தப் போகிறோம்.

அப்புறம் உடம்பு. வயலின் கலைஞர்களின் இடது கை விரல் நுனிகள் தந்தி அழுத்தி அழுத்திக் காய்த்துப் போயிருக்கும். வயலினைத் தாடைக்கடியில் வைத்து வாசிப்பவர்களில் பலருக்குக் கழுத்தின் இடது பக்கம் ஒரு தடிப்போ கறுப்போ விழுந்திருக்கும். காதல் கதையில் இது தங்கம். நாயகன் முதன்முதலாக அவள் கையைப் பிடிக்கும்போது ஒரு கை மென்மையாகவும் இன்னொன்றின் நுனிகள் கெட்டியாகவும் இருப்பதை அவன் கவனிக்கட்டும். அந்த ஒரு கவனிப்பு, பத்து வரி வர்ணனை செய்யாததைச் செய்துவிடும்.

வாத்தியமும் ஓர் உடம்புதான். ஈரம் ஏறினால் மரம் உப்பும். வறண்டால் முறுக்காணி நழுவிச் சுருதி இறங்கும். புதுத் தந்தி சில நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், அடிக்கடி சுருதி சேர்க்க வேண்டும். வில்லின் மயிருக்குப் பிசின் பூசாவிட்டால் சத்தமே வராது. அமானுஷ்யமானவன் அறைக்குள் வந்தால் குளிர்கிறது என்று எழுதுவது வழக்கம். அந்தக் குளிரில் வயலினுக்கு என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? அவன் வருவதை அவள் கண்டுபிடிக்கும் முதல் அறிகுறியாக, சேர்த்து வைத்த சுருதி தானாகக் கலைந்து கிடக்கட்டும். பேய்க்கதைக்கே உரிய ஒரு திகிலை அவள் தொழிலுக்குள்ளிருந்து எடுத்தாகிவிட்டது.

நீங்கள் வாசிக்கத் தெரியாதவர் என்றால், நாயகி வாசிக்கும் வாத்தியத்தைக் கற்றுக்கொள்ளும் ஒருவரிடம் போய் அவர் பயிற்சி செய்யும்போது கூட உட்காருங்கள். கச்சேரி கேட்டால் பாதிதான் தெரியும். பயிற்சியில்தான் எரிச்சல், சலிப்பு, வலி, சின்னச் சின்னச் சந்தோஷம் எல்லாம் இருக்கிறது.

அவனுடைய காதையும் யோசியுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் விட்டுவிடும் இடம் இது. முந்நூறு வருடம் வாழ்ந்தவனின் வயதைக் காட்டப் பழைய உடையும் பழைய பேச்சும் போதும் என்று நினைக்கிறோம். அவன் கேட்ட உலகமே வேறு.

1877-ல் எடிசன் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடிக்கும்வரை, பதிவான குரலைத் திரும்ப ஒலிக்கவைத்துக் கேட்க வழி இல்லை. ஒருவர் பாடுவது காதில் விழுந்தால் அவர் பக்கத்தில் எங்கோ உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். அப்படி வளர்ந்த ஒருவனுக்கு, ஆளில்லாத அறையில் ஓடும் வானொலி எவ்வளவு பெரிய அமானுஷ்யம்! மனிதர்கள் அவனைக் கண்டு பயப்படுவது இருக்கட்டும், அவன் பயப்படும் இடம் இது.

சுருதியும் மாறிவிட்டது. இன்று உலக அளவில் தரப்படுத்திய சுருதி, மேற்கத்திய இசையின் A என்னும் சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 440 அதிர்வு). 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையை அந்தக் காலப் பாணியில் வாசிப்பவர்கள் பெரும்பாலும் 415 ஹெர்ட்ஸ் வைக்கிறார்கள். கிட்டத்தட்ட அரைச் சுரம் கீழே. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் சுருதி வேறாகவும் இருந்தது. தந்தியும் அப்போது விலங்குக் குடலில் செய்தது. எஃகுத் தந்தி பரவலானது பிற்பாடு. நம் யட்சன் தனக்குத் தெரிந்த பாதிப் பாட்டை முணுமுணுக்கிறான். தாரிணி அதை வாசித்துக் காட்டுகிறாள். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை, ஆனாலும் அவன் "இது அது இல்லை" என்கிறான். அவள் கோபப்படுகிறாள், கமகத்தை (சுரத்தை அசைத்து வாசிக்கும் விதத்தை) மாற்றுகிறாள், வேகத்தைக் குறைக்கிறாள். பிரச்சினை தந்தியிலும் சுருதியிலும் இருக்கிறது என்று அவளுக்குப் புரிய இரண்டு அத்தியாயம் ஆகலாம். அந்த இரண்டு அத்தியாயத்தில் இருவரும் தினம் பேசியாக வேண்டும். காதலுக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

இந்த இடத்திலேயே சாபத்தின் விதிகளைக் கறாராக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்த இசை அவனைக் கல்லாக்குமா? பாதியில் வெட்டப்படும் விளம்பர இசை? ஒருவர் மனத்துக்குள் பாடிக்கொள்வது? பதில் எதுவாக இருந்தாலும் சரி, கடைசிவரை மாற்றாதீர்கள். இந்த வகைக் கதைகளை விரும்பிப் படிப்பவர்கள் விதி மீறலை உடனே பிடித்துவிடுவார்கள்.

முதல் சந்திப்பைக் கச்சேரியில் வைக்காதீர்கள்

மேடை, விளக்கு, கூட்டத்தின் பின்வரிசையில் கறுப்பு உடையில் ஒருவன், அவள் வாசிக்கிறாள், அவன் கண்ணில் நீர். இதை வாசகர் பலமுறை பார்த்துவிட்டார். அதைவிட முக்கியமான காரணம், கச்சேரியில் இருப்பது முடித்துத் துடைத்த இசை. அங்கே அவள் யாரென்று தெரியாது, அவளுடைய திறமைதான் தெரியும். திறமையை ரசிப்பதும் ஆளைக் காதலிப்பதும் வேறு வேறு.

சாதகம், அதாவது தினசரிப் பயிற்சி, செய்யும் அறையில் வையுங்கள். ஒரு சங்கதியை (பாட்டின் ஒரு வரியை வேறுபடுத்தி வாசிக்கும் துண்டை) நாற்பது தடவை வாசிக்கிறாள். மெதுவாக, இன்னும் மெதுவாக. மூன்றாவது விரல் விழும் இடம் சரியில்லை. நிறுத்துகிறாள், விரலை உதறுகிறாள், திரும்ப முதலிலிருந்து. பாட்டு முடிவதே இல்லை. நம் யட்சனுக்கு இதைவிடப் பாதுகாப்பான இசை உலகத்தில் உண்டா? முடிவே வராத இசை. பல நூறு வருடத்தில் முதல்முறையாக அவன் குளிர் ஏறாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறான். சாபத்தை முதலில் எழுதச் சொன்னதன் பலன் இங்கே தெரியும். சாபம் சரியாக இருந்தால் காட்சிகள் தானாக வந்து நிற்கும்.

அந்தக் காட்சி ஏறத்தாழ இப்படிப் போகலாம்:

"நாற்பத்தொன்றாவது தடவையும் அதே இடத்தில் சறுக்கியது. தாரிணி வில்லைத் தாழ்த்தினாள். ஜன்னல் பக்கமிருந்து, 'அந்த இடத்துக்கு வருமுன்பே நீ மூச்சைப் பிடித்துக்கொள்கிறாய்' என்றது ஒரு குரல். அவள் திரும்பவில்லை. திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. மூச்சை விட்டுக்கொண்டே வாசித்தாள். விரல் சரியாக விழுந்தது. அப்போதுதான் பயம் வந்தது."

இதில் அவன் அழகு பற்றி ஒரு சொல் இல்லை. அவன் கூர்ந்து கேட்டிருக்கிறான் என்பது மட்டும் இருக்கிறது. இசைக்கலைஞர் ஒருவருக்கு அதைவிடப் பெரிய வசியம் கிடையாது என்பது என் எண்ணம்.

சத்தத்தை எழுதும் விதம்

"தேனாய் இனித்தது", "மனத்தை வருடியது", "கல்லும் கரைந்தது" போன்றவற்றை ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளை மேசை மேல் வைத்துக்கொண்டு, அவற்றில் ஒன்றும் கதைக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இசையைப் பெயரடையால் பிடிக்க முடியாது. அது கேட்டவரை என்ன செய்யவைத்தது என்று எழுதினால் பிடிபடும். அகநானூற்றில் ஒரு பாட்டு உண்டு. தினைப்புனத்தில் ஒருத்தி குறிஞ்சிப் பண் பாடுகிறாள். தினை மேய வந்த களிறு கதிரைத் தின்னவும் மறந்து, நின்ற இடத்திலேயே உறங்கிவிடுகிறது. பாட்டு எப்படி இருந்தது என்று விவரிக்கத் தேவையே இல்லாமல் போகிறது.

ராகப் பெயர், சுரப் பெயர் எல்லாம் அளவோடு போதும். ஒரு காட்சிக்கு ஒன்றிரண்டு. தெரிந்தவர்களுக்கு அது மகிழ்ச்சி, தெரியாதவர்களுக்கு வாசல் மூடாது.

மயக்கமா, காதலா?

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்காவிட்டால் வாசகர் கேட்பார். ஒருவருக்கு மந்திர சக்தி இருக்கிறது. அவள் விரும்பித்தான் வந்தாளா, இழுக்கப்பட்டு வந்தாளா? இசைக்கும் இழுக்கும் சக்தி உண்டு என்பதால் கேள்வி மறுபக்கமும் திரும்புகிறது: அவன் காதலிப்பது அவளையா, அவள் வாசிப்பதையா?

சங்கப் பாடல்களில் அசுணம் என்று ஓர் உயிர் வருகிறது. யாழிசை கேட்டால் மயங்கி மறைவிடத்திலிருந்து வெளியே வரும். பறையொலி கேட்டால் உயிரை விட்டுவிடும். அதைப் பிடிப்பவர்கள் முதலில் யாழ் மீட்டுவார்களாம், பிறகு கொல்வார்களாம். நற்றிணையில் ஒரு தலைவி தன் காதலனின் மார்பை அந்த வேட்டைக்காரரின் கைக்கு ஒப்பிடுகிறாள், அதில் இன்பமும் உண்டு துன்பமும் உண்டு என்று. உங்கள் கதையில் அசுணம் யார், யாழ் பிடித்திருப்பவர் யார் என்று நடுவில் ஒருமுறை இடம் மாறினால் கதைக்கு நல்ல வலு வரும்.

நடைமுறையில் மூன்று காரியம் செய்யுங்கள். அவனுடைய சக்தி அவளிடம் வேலை செய்யாத ஒரு நேரமோ இடமோ இருக்கட்டும். முக்கியமான முடிவை அவள் அங்கே எடுக்கட்டும். அவள் வாசிக்காத ஒரு நீண்ட காட்சி கட்டாயம் வேண்டும்: கையில் அடிபட்டோ, காய்ச்சலிலோ, வெறுப்பிலோ வயலினைத் தொடாமல் இருக்கிறாள், அப்போதும் அவன் வருகிறானா என்று பார்க்கலாம். மூன்றாவது, அவன் வயதும் சக்தியும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், "வேண்டாம், போ" என்று அவள் சொன்னால் அவன் போக வேண்டும். பின்தொடர்ந்து வந்து நிற்பதைக் காதலாக எழுதாதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

பிரிவும் இசையாலேயே வரட்டும்

நடுப்பகுதியில் இருவரும் பிரிய வேண்டும் என்றால், திடீரென ஒரு வில்லனையோ பழைய காதலியையோ கொண்டுவருவது சுலபம். சிலப்பதிகாரத்தின் கானல்வரிப் பகுதி அதைவிட நல்ல வழியைக் காட்டுகிறது. கோவலன் யாழ் வாங்கிப் பாடுகிறான். அவன் மனம் வேறெங்கோ இருக்கிறது என்று மாதவி எடுத்துக்கொள்கிறாள். தனக்கும் அப்படி ஒரு குறிப்பு இருப்பதுபோல் அவளும் பாடுகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். யாரும் யாரையும் நேரில் குற்றம் சொல்லவில்லை. பாட்டைத் தவறாகக் கேட்டதே போதுமாக இருந்தது.

நம் கதையில், தாரிணிக்குக் கோபம் வந்த ஒரு நாள் அவள் ஒரு பாட்டை வேண்டுமென்றே முடித்துவிடுகிறாள். அவன் கண்ணெதிரே கல்லாகிறான். அவள் கையில் இருப்பது இனி வெறும் வாத்தியம் இல்லை, ஆயுதமும்தான் என்று அன்றைக்கு இருவருக்குமே தெரிந்துவிடுகிறது. மன்னிப்புக்கு அவன் எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறான் என்பதை அவசரப்படாமல் எழுதுங்கள்.

தீர்வும் விலையும்

பூட்டுக்குச் சாவி சட்டென்று பொருந்தினால் கதை சப்பென்று முடியும். "அவள் அன்போடு வாசித்தாள், சாபம் நீங்கியது" என்பது போதாது. அன்பு அவளிடம் ஐந்தாவது அத்தியாயத்திலேயே இருந்தது. அப்போது ஏன் நீங்கவில்லை?

விலை என்ன என்று கேளுங்கள். அது அவளுக்கு மிகவும் வேண்டிய ஒன்றாக, இசை சம்பந்தப்பட்டதாக இருக்கட்டும். கை போவது, குரல் போவது போன்றவை உடனே தோன்றும் விலைகள். அவை மிகப் பெரியவை, பல சமயம் கதையை நசுக்கிவிடும். சிறியதும் கூர்மையானதுமாக ஒன்றைத் தேடுங்கள். 18-ஆம் நூற்றாண்டு வயலின் மேதை தார்த்தினி, 1713-ல் தன் கனவில் சாத்தான் வயலின் வாசிக்கக் கேட்டதாகவும், விழித்ததும் அதை எழுத முயன்றதாகவும், எழுதியது தான் எழுதியவற்றிலேயே சிறந்தது என்றாலும் கேட்டதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்று வருந்தியதாகவும் ஒரு பதிவு உண்டு. கேட்டதைத் திரும்பப் பிடிக்க முடியாதது ஓர் இசைக்கலைஞருக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று அதில் தெரிகிறது.

தாரிணி எதையும் மறக்காதவள். ஆகவே அவள் விலை இது: கிழவியின் பாட்டுக்கு அவள் மறுபாதியை உருவாக்கி வாசித்து முடித்ததும், அந்தப் பாட்டு முழுவதும் அவள் நினைவிலிருந்து போய்விடும். தன் வாழ்நாளின் சிறந்த படைப்பு அவளுக்கே தெரியாது. யட்சன் மட்டும் கேட்டிருப்பான். அவனுக்கோ வாசிக்கத் தெரியாது. இந்த விலையைப் பாதிக் கதையிலேயே வாசகருக்குச் சொல்லிவிடுங்கள், கடைசியில் இழுத்து வந்து போடாதீர்கள். தெரிந்தே கொடுப்பதில்தான் கனம் இருக்கிறது.

சாபம் தீர்ந்ததோடு நிறுத்தவும் வேண்டாம். காயசண்டிகையின் பசி மணிமேகலை இட்ட அமுதால் தீர்கிறது. ஆனால் ஊர் திரும்பும் வழியில் விந்திய மலைக்கு மேலே பறந்ததால் அங்கே காவலிருந்த தெய்வத்தின் வயிற்றுக்குள் போய்விடுகிறாள். சாபம் நீங்கியவனுக்கு இனி வயது ஏறுமா, வேலை என்ன, பகலில் எங்கே இருப்பான்? ஒரு அத்தியாயம் இதற்கு ஒதுக்குங்கள். இருவரும் சேர்ந்து வாழ்வார்கள் என்ற நம்பிக்கையோடு முடிவதை இவ்வகை வாசகர்கள் எதிர்பார்க்கிறார்கள். பிரிவில் முடிக்கத்தான் போகிறீர்கள் என்றால் கதைச் சுருக்கத்திலேயே அந்தச் சாயல் தெரியட்டும்; இல்லையென்றால் ஏமாற்றியதாக நினைப்பார்கள்.

எழுதி முடித்த பிறகு

ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டு, இசைக் காட்சிகளை மட்டும் தனியாக எடுத்து வாய்விட்டு வாசியுங்கள். ஒவ்வொரு காட்சியிலும் இருவருக்கும் நடுவே ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்த்து, மாறாதவற்றை வெட்டுங்கள். அடுத்து சாபத்தின் விதிகளை எழுதிய தாளை வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து சரிபாருங்கள். பின்னணியில் தற்செயலாக ஒரு பாட்டு முடிந்துவிடுகிற இடம் எங்காவது ஒளிந்திருக்கும். பிறகு, வாத்தியம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடமும், இசையே தெரியாத ஒருவரிடமும் கொடுங்கள். முதலாமவர் "இப்படி யாரும் வில்லைப் பிடிக்கமாட்டார்கள்" என்று சொல்லும் இடங்களைத் திருத்துங்கள். இரண்டாமவர் எந்தப் பக்கத்தில் வேகமாகப் புரட்டினார் என்று கேட்டு, அந்தப் பக்கத்திலிருந்து ராகப் பெயர்களை எடுத்துவிடுங்கள்.